ஓட்டுநரில்லா ஊர்தி

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் டெர்பிசயர் என்னும் மாவட்டம் ஒன்று உண்டு. அங்குள்ள குன்றுகளுக்கிடையே ஈம் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்போர் எயாம் எனப் படித்து மயங்குவர். அவ்வூரார் ஈம் என்றே ஒலிப்பர். அவ்வூருக்கும் அடுத்த ஊருக்கும் இடைப்பட்ட பாதையில் கல் ஒன்று கிடக்கிறது. அதன் தலையில் ஆறு குழிகள் உள்ளன. அறியாதார் கண்ணுக்கு அது வெறுங்கல்லே; அக்குழிகள் எதற்காக அமைந்தன என்பதை அறிந்தார்க்கு அது வெறுங்கல் அன்று.

1665-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்து துணிமூட்டை ஒன்று ஈம் ஊரிலிருந்த தையற்காரர் இல்லத்திற்கு வந்து சேர்ந்தது. இலண்டனில் அப்போது கொள்ளைநோய் கொடுமையாகப் பரவியிருந்தது. துணியோடு நோயும் வந்தது. ஈரம் பட்டிருந்த அத்துணியை விரித்து உலர்த்திய பணியாள் சில நாட்களில் மாண்டார். அவரை அடுத்து அவ்வீட்டாரும், அண்டை வீட்டாரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மறு ஆண்டு வேனிற்காலத்தில், ஊர்மக்கள் பலர் வெளியேற எண்ணியிருந்த வேளையில், வில்லியம் மோம்பெசன், தாமசு சுடான்லி என்னும் சமயகுருமார் இருவர் அவர்களை ஒருங்கு கூட்டினர். ஊரைவிட்டு ஓடினால் நோயும் உடன் ஓடும்; சென்ற இடமெல்லாம் அழியும்; ஆதலின் எவரும் எல்லையைக் கடத்தலாகாது என்று எடுத்துரைத்தனர். மக்களும் இசைந்தனர்.

வெளியேறாதவர் உண்பது எங்ஙனம்? அக்கல்லே அதற்கு விடையாயிற்று. அடுத்த ஊரார் உணவுப்பொருள்களைக் கொணர்ந்து எல்லையில் வைத்துவிட்டு அகல்வர். ஈம் ஊரார் பின்னர் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு, விலைக்குரிய காசுகளைக் கல்லின் குழிகளில் இடுவர். குழிகளில் காடி ஊற்றப்பட்டிருக்கும். புளித்த காடி நோயின் நஞ்சைப் போக்கும் என்பது அக்கால மக்களின் எண்ணம். நோய் தணிவதற்குள் அச்சிற்றூரில் ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். மோம்பெசனின் மனைவியும் அவருள் ஒருவர்.

அக்கல்லைப் பற்றி ஒன்று சிந்திக்கத் தக்கது. கொடுப்பவரும் கொள்பவரும் ஓரிடத்திற்கே வந்தனர்; ஆயினும் ஒரே வேளையில் வரவில்லை. பொருள் கைமாறிற்று, கையும் கையும் கூடவில்லை. தொற்றுநோய்க் காலத்தில் பொருள் வழங்குவதற்கு உரிய நெறி முழுவதும் இதனுள் அடங்கிக் கிடக்கிறது. தொற்று என்னும் சொல்லே இதனை விளக்கும். தொற்றுதல் என்பது பற்றிக்கொள்ளுதல். மரத்தில் கொடி தொற்றுவதுபோல ஒருவரிடமிருந்து மற்றொருவரைப் பற்றிக்கொள்ளும் நோயைத் தொற்றுநோய் என்றனர் நம் முன்னோர். பற்றுவதற்கு இடங்கொடாமையே அதற்குரிய முதல் மருந்து.

சில நூறு பேர் வாழும் சிற்றூருக்கு ஒரு கல் போதுமானதாயிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மாநகருக்கு யாது செய்வது? இவ்வினா 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீன நாட்டு ஊகான் நகரின்முன் வந்து நின்றது.

ஊகான் யாங்சி என்னும் பேராறும் ஹான் ஆறும் கூடும் துறையில் அமைந்த நகரம். அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் மக்கள். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் புதியதொரு நோய் தோன்றியது. வைரசு எனப்படும் நுண்மியால் விளைந்து நுரையீரலைத் தாக்கும் அந்நோய் பின்னர்க் கோவிட்-19 எனப் பெயர்பெற்றது. 2020-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் காலை 10 மணிக்கு ஊகான் நகரம் அடைக்கப்பட்டது. பேருந்தும், நிலத்தடித் தொடர்வண்டியும், ஆற்றுப் படகும் நின்றன. ஏப்பிரல் 8-ஆம் நாள்வரை அவ்வடைப்பு நீடித்தது. இடையே உலக நலவாழ்வு அமைப்பு மார்ச்சு 11-ஆம் நாள் அந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் நம் நாடு உட்படப் பல நாடுகளிலும் தெருக்கள் வெறிச்சோடின.

தெரு வெறுமையாகலாம், வயிறு வெறுமையாக இருத்தல் இயலாது. வீட்டினுள் அடைபட்ட ஒவ்வொருவருக்கும் அரிசியும், காய்கறியும், மருந்தும் எவரேனும் கொண்டுவந்தே ஆகவேண்டும். ஊகானில் அப்பணியைப் பெரும்பாலும் செய்தவர் மிதிவண்டி போன்ற சிறு மின்வண்டிகளில் பொருள் கொணரும் இளைஞரும், குடியிருப்புகளில் தொண்டாற்ற முன்வந்தவருமே ஆவர். முகத்திரை அணிந்து, கையுறை பூண்டு, பொருளை வாயிற்புறத்தில் வைத்துவிட்டு அகன்று நின்று, தொலைபேசியில் செய்தி சொல்லிச் செல்வர். ஈம் ஊரின் எல்லைக்கல் ஒவ்வொரு வாயிலிலும் மீண்டும் தோன்றிற்று எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஈம் ஊருக்கு உணவு கொணர்ந்தவர் ஒரு கல்லருகே வந்து திரும்பினர். ஊகானில் சுமை கொணர்ந்தவரோ ஒரு நாளில் பற்பல வாயில்களை அணுகவேண்டியிருந்தது. மக்கள் எல்லோரும் பிறரை அணுகாமல் வாழ்வதற்காக ஒரு சிலர் எல்லோரையும் அணுகி உழைத்தனர்.

இடர் எல்லா வாயில்களிலும் ஒத்த அளவினதன்று. நோயாளர் நிறைந்த மருத்துவமனையின் வாயிலே மிகக் கொடியது. 2020 பிப்பிரவரி 11-ஆம் நாள்வரை சீன நாடு முழுவதிலும் 1,716 மருத்துவப் பணியாளர்கள் அந்நோய்க்கு ஆட்பட்டனர் என்றும், அவருள் 6 பேர் இறந்தனர் என்றும் அந்நாட்டு நலவாழ்வுத் துறை அறிவித்தது. நோயின் இயல்பை அறிந்து, உடல் முழுவதும் கவசமணிந்து பணிபுரிந்தவர்க்கே இந்நிலை என்றால், பொருளைக் கொடுத்துச் செல்ல வந்தவரின் நிலை என்னாகும்? ஆயினும் மருத்துவமனைக்குப் பொருள் செல்லாமல் இருத்தல் கூடுமோ? பிற இடங்களைக் காட்டிலும் அங்கேதான் மிகுதியாகச் செல்லவேண்டும்.

அந்நகரின் ஒன்பதாம் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவில் ஜிங்தொங் என்னும் வணிக நிறுவனத்தின் பொருள் பகிர்வு நிலையம் இருந்தது. 2020 பிப்பிரவரி 6-ஆம் நாள் அந்நிலையத்திலிருந்து சிறு வண்டி ஒன்று புறப்பட்டது. நான்கு உருளைகளின்மேல் பெட்டி ஒன்றை அமைத்தாற்போன்ற தோற்றம். அதனுள் மருத்துவமனைக்குரிய பொருள்கள் இருந்தன. ஓட்டுநர் இருக்கை இல்லை. இருக்கை இன்மையால் ஓட்டுநரும் இல்லை. அது தெருவைக் கடந்து மருத்துவமனையை அடைந்தது, பொருள் எடுக்கப்பட்டது, வண்டி திரும்பியது.

600 மீட்டர் என்பது பெரிய தொலைவன்று. பள்ளிக்கு வரும் மாணவர் பலர் நாள்தோறும் அதனினும் மிகுதியாக நடப்பர். அவ்வளவு குறுகிய வழியில் ஒரு வண்டி தானே சென்றது என்பதைப் பெருஞ்செய்தியாகக் கூறுவானேன் என ஒருவர் வினவக்கூடும். அவ்வழியின் நீளத்தை நோக்குதல் பொருந்தாது. அதன் முடிவில் இருந்த வாயிலை நோக்குதல் வேண்டும். நகரத்தின் மற்றத் தெருக்களில் மனிதரே சுமந்து சென்றனர். மனிதர் செல்வதற்கு மிகவும் அஞ்சத்தக்க அந்த ஒரு வாயிலுக்கே பொறி அனுப்பப்பட்டது. எங்குச் செலுத்துவது என்னும் இத்தேர்விலேதான் அதன் சிறப்பு உள்ளது.

கண்ணில்லாத வண்டி வழி காண்பது எவ்வாறு? இதனைச் சிறிது விரித்துக் காண்போம். வண்டியின்மீது லைடார் என்னும் கருவி பொருத்தப்பட்டிருக்கும். அது லேசர் ஒளிக்கீற்றுகளை நாற்புறமும் இடையறாது வீசும். எதிரே ஒரு சுவரோ மரமோ மனிதனோ இருப்பின் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பும். சென்று திரும்புவதற்கு ஆன நேரத்தைக்கொண்டு அப்பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கருவி கணக்கிடும். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆதலின் 15 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு மரத்தில் பட்டுத் திரும்ப அதற்கு ஆகும் நேரம், ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே ஆகும். அத்துணைச் சிறு நேரத்தையும் அளந்தறியும் நுட்பம் வாய்ந்தது அக்கருவி. இருட்டில் கையை நீட்டித் தடவி வழி காண்பான் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். இலட்சக்கணக்கான கைகளை ஒரே நொடியில் நீட்டுவது போன்றது இக்கருவியின் செயல்.

ஒளிக்கீற்று வடிவத்தையும் தொலைவையும் காட்டுமேயன்றி நிறத்தைக் காட்டாது. சாலை விளக்குச் சிவப்பா பச்சையா என்பதை அறிய நிழற்படக் கருவிகள் வேண்டும். எதிரே வரும் ஊர்தி எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை அறிய ரேடார் உதவும். செல்லவேண்டிய தெருக்களின் விரிவான படமும் முன்னரே வண்டியின் கணிப்பொறியில் பதியப்பட்டிருக்கும். கண்டதையும் பதிந்ததையும் ஒப்பிட்டு, தான் நிற்கும் இடம் இதுவென வண்டி தெளியும். படத்தில் இல்லாத ஒன்று எதிரே தோன்றினால் அது நிலைத்து நிற்பதா, நகர்வதா, நகர்ந்தால் எப்பக்கம் நகரும் என்று கணிக்கும். பின்னரே செல்வதோ, ஒதுங்குவதோ, நிற்பதோ செய்யும்.

கணிப்பதே இவற்றுள் அரிய செயல். தெருவோரத்தில் பந்தோடு நிற்கும் சிறுவனைக் கண்டால், வண்டியோட்டும் எவரும் காலைத் தடையின்மேல் வைப்பர். பந்து உருளும், பின்னால் சிறுவன் ஓடுவான் என்பது அவர்க்குத் தெரியும். எவரும் கற்பியாமலே அவர் அறிந்த இதனை, எண்ணற்ற எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பொறிக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. கற்பித்தபின்னும் பிழை நேரலாம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டில் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், தானே இயங்கும் கார் ஒன்று ஓட்டிச் சோதிக்கப்பட்டு வந்தது. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் அதனால் மோதுண்டு இறந்தார். கருவிகள் அவரைக் காணாமல் இல்லை. முன்னரே கண்டன, ஆனால் தாம் கண்டது யாது என்பதை ஒருவகையாகத் துணிய இயலாமல், ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை வேறொன்றாகவும் கொண்டன. காருக்குள் கண்காணிக்க இருந்தவரின் பார்வையும் அப்போது சாலைமேல் இல்லை. காண்பது வேறு, கண்டதை உணர்வது வேறு என்பதை இவ்விறப்பு உலகிற்குக் காட்டிற்று.

இங்ஙனமாயின் அத்தகைய வண்டியைத் தெருவில் விடுதல் தகுமோ? இதற்கு விடை வண்டியின் எடையிலும் விரைவிலும் இருக்கிறது. ஓடும் பொருளின் மோதும் ஆற்றல் அதன் விரைவின் இருபடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி, 6 கிலோமீட்டர் விரைவில் செல்லும் அதே எடையுள்ள வண்டியைவிட நூறு மடங்கு ஆற்றலோடு மோதும். மெல்லச் செல்லும் சிறிய வண்டி பிழை செய்தாலும் உயிர்க்கு ஊறு நேர்வது அரிது. மேலும், மனிதரை ஏற்றிச் செல்லும் ஊர்தி திடீரென நின்றால் உள்ளிருப்பவர்க்கு அடிபடும். அரிசி மூட்டைக்கு அத்துன்பம் இல்லை. ஐயம் தோன்றிய இடமெல்லாம் நின்றுவிடலாம். சுவரில் மோதித் தான் சிதைந்தேனும் வழிப்போக்கரைக் காக்கலாம். பயணிகளை ஏற்றும் ஊர்திக்கு முன்னரே பொருள் சுமக்கும் ஊர்தி தெருவிற்கு வரலாம் என அறிஞர் பலர் கருதியதற்குக் காரணம் இதுவே. அடைப்புக் காலத்தில் தெருக்கள் வெறுமையாய் இருந்ததும் அதற்கு வாய்ப்பாயிற்று. பந்தோடு ஓடும் சிறுவர் அப்போது வீட்டினுள் இருந்தனர்.

ஊகானில் அவ்வண்டி மருத்துவமனைக்குச் சென்ற அதே பிப்பிரவரி 6-ஆம் நாளில் அமெரிக்க நாட்டில் வேறொரு செய்தி வெளியாயிற்று. ஒன்றற்கொன்று தொடர்பில்லை; நாள் ஒத்தது தற்செயலே. நூரோ என்னும் நிறுவனம் செய்த சிறு ஊர்திக்கு அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை சில விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. விதிகள் யாவை? ஊர்திக்கு முன்புறக் கண்ணாடி இருத்தல் வேண்டும், பின்னால் வருவதைக் காண்பதற்குப் பக்கக் கண்ணாடிகள் இருத்தல் வேண்டும், இவை போல்வன. ஓட்டுநர் இல்லாத ஊர்தியில் பக்கக் கண்ணாடியில் பார்ப்பவர் யார்? சட்டத்தை எழுதியவர் ஓட்டுநர் ஒருவர் இருப்பார் என்பதை ஐயுறவே இல்லை. ஆதலின் ஒவ்வொரு விதியிலும் அவர் கண்ணும் கையும் ஒளிந்திருந்தன. ஓட்டுநரில்லா ஊர்திக்கு அந்நாட்டு அரசு இத்தகைய விலக்கை அளித்தது அதுவே முதன்முறை. இரண்டு ஆண்டுகளில் 5,000 ஊர்திகளுக்கு மேற்படாமலும், மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவுக்கு மேற்படாமலும் இயக்கவேண்டும் என்பது எல்லை.

சில கிழமைகளுக்குள் அவ்வூர்திகட்கு வேலை வந்தது. கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமண்டோ நகரில், முன்னர்க் கூடைப்பந்தாட்டம் நிகழ்ந்த பெரிய அரங்கொன்று நோயாளர்க்குரிய தற்காலிக மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அதன் வளாகத்துள் உணவையும், படுக்கை விரிப்பையும், மருத்துவப் பொருள்களையும் அவ்வூர்திகள் சுமந்து திரிந்தன. பணியாளர் பெட்டியைத் தொட்டுத் திறக்க வேண்டியதில்லை. ஊர்தியின் கண்முன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும். கதவு தானே திறக்கும்.

புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் நடந்தது இன்னும் நுட்பமானது. அங்குள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், காரில் அமர்ந்தபடியே மக்கள் நோய்ச் சோதனை செய்துகொள்வதற்கு ஓரிடம் அமைக்கப்பட்டிருந்தது. அங்கு எடுக்கப்பட்ட மாதிரிகளை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். மார்ச்சு 30-ஆம் நாள் முதல் ஓட்டுநரற்ற நான்கு சிற்றூர்திகள் அப்பணியை மேற்கொண்டன. உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால் வழி முழுவதும் பொதுமக்கள் நடமாட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தது. ஆள் ஓட்டிய காவல் வண்டியும் உடன் சென்றது. இதனைக் கேட்டு நகைப்போரும் உளர். ஓட்டுநரைத் தவிர்ப்பதற்காக ஓட்டிய வண்டிக்கு ஓட்டுநரோடு கூடிய வண்டி துணையா என்பர். நகைப்பதற்கு இடமில்லை. துணை வந்தவர் தம் வண்டிக்குள் தனித்திருந்தார். நோய்க்கிருமி பொதிந்த பெட்டியோ வேறு வண்டியில் இருந்தது. அவ்விரண்டையும் பிரித்ததே அங்குச் செய்த செயல்.

மருத்துவமனையை விட்டு மக்கள் குடியிருப்புக்கு வருவோம். இங்கிலாந்தில் மில்டன் கீன்சு என்பது 1967-ஆம் ஆண்டில் திட்டமிட்டு அமைக்கத் தொடங்கிய புதுநகர். கார்கள் செல்லும் அகன்ற சாலைகளினின்று வேறாக, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய செந்நிறப் பாதைகள் அந்நகர் முழுவதும் பின்னிக் கிடக்கின்றன. அப்பாதைகளை வகுத்தவர் மனிதரையே எண்ணி வகுத்தனர். அரை நூற்றாண்டு கழித்து, 2018-ஆம் ஆண்டில், ஆறு உருளைகளோடு கூடிய சிறு பெட்டிகள் அவற்றின்மீது ஊரத் தொடங்கின. எசுத்தோனியா நாட்டில் பொறியாளர்களைக் கொண்ட சுடார்சிப் என்னும் நிறுவனம் அவற்றைச் செய்தது. இடுப்பளவு உயரமும் இல்லை. மனிதர் நடக்கும் விரைவே அவற்றின் விரைவு. காண்போர் இடறாவண்ணம் நீண்ட கம்பியின் நுனியில் சிறு கொடி ஒன்று ஆடும். கடையில் வாங்கிய பொருளை உள்ளே வைத்துப் பூட்டினால், உரியவர் தம் கைப்பேசியால் திறக்கும்வரை பெட்டி திறவாது. வழியில் எவரேனும் தூக்க முயன்றால் கூவி அறிவிக்கும்.

தொடக்கத்தில் இவை நகரத்தார்க்கு வேடிக்கைப் பொருளாய் இருந்தன. 2020 மார்ச்சு 23-ஆம் நாள் அந்நாட்டில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் வேடிக்கை தேவையாயிற்று. பெருங்கடைகளின் வீட்டு வழங்கல் பட்டியலில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. முதியோரும், நோயுற்றோரும், வீட்டைவிட்டு வெளிவரலாகாது என மருத்துவர் விலக்கியோரும் பாலுக்கும் ரொட்டிக்கும் இப்பெட்டிகளை எதிர்பார்த்தனர். மருத்துவப் பணியாளர்களுக்குக் கூலி பெறாமலே பொருள் கொண்டு சேர்த்தது அந்நிறுவனம். பெட்டிகளின் எண்ணிக்கை அவ்விளவேனிலிலேயே பெருகிற்று.

அக்காலத்தில் மக்கள் அஞ்சியதொன்று உண்டு. வந்த பொருளின்மேல் நோய்க்கிருமி ஒட்டியிருக்குமோ என்பதே அது. அவ்வைரசு நெகிழியின்மேல் மூன்று நாள்வரையும், அட்டையின்மேல் ஒரு நாள்வரையும் கண்டறியப்படலாம் என்று 2020 மார்ச்சில் வெளியான ஆய்வு கூறிற்று. அதனைக் கேட்டவர் பால் உறையைச் சோப்பிட்டுக் கழுவினர். காய்கறியை உப்புநீரில் ஊறவைத்தனர். கடிதங்களை வெயிலில் காயவைத்தனர். ஆய்வுகள் வளர வளர உண்மை வேறாயிற்று. பொருளைத் தொடுவதால் அந்நோய் பரவுவது மிகக் குறைவு. ஒருவர் விட்ட மூச்சு மற்றொருவர் மூச்சிற் கலப்பதே அது பரவும் பெருவழி. ஈம் ஊரார் காசைக் காடியில் இட்டதும், நம்மவர் பால் உறையைக் கழுவியதும் ஒரு நிகரனவே. காடி காசைக் கழுவியதால் பயன் விளைந்ததோ இல்லையோ, அண்டை ஊரார் முகத்தோடு முகம் கூடாமல் விலகி நின்றதால் பெரும்பயன் விளைந்தது. ஓட்டுநரில்லா ஊர்தி காத்ததும் பெட்டியை அன்று. பெட்டியின் இருபுறத்தும் நின்றிருக்கக்கூடிய இரண்டு மனிதரின் மூச்சையே பிரித்தது.

அவ்விருவருள் யாருக்கு இடர் மிகுதி? வீட்டினுள் இருப்பவர் ஒரு நாளில் ஒருவரையோ இருவரையோ காண்பார். வெளியில் தொழில் செய்பவர் பலரைக் காண்பார். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2020 மே மாதத்தில் அரசின் புள்ளிவிவர அலுவலகம் தொழில்வாரியாக இறப்புகளைக் கணக்கிட்டு வெளியிட்டது. ஆடவருள் வாடகைக்கார் ஓட்டுநர், பேருந்து ஓட்டுநர், கடை விற்பனையாளர், காவற்பணியாளர் ஆகியோரிடையே அந்நோயால் இறந்தவர் வீதம் உயர்ந்து காணப்பட்டது. பிறர் வெளிவராமல் இருப்பதற்காக வெளிவந்தவர் இவர்கள். எழுதுவது, கணக்கிடுவது போன்ற தொழில் உடையார் தம் தொழிலை வீட்டிற்குக் கொண்டுசென்றனர். சுமப்பதே தொழிலாக உடையார்க்கு அவ்வாறு செய்ய வழியில்லை.

இதனால் ஓட்டுநரில்லா ஊர்தியை அவர்க்குப் பகை எனக் கூறுவாரும், நட்பு எனக் கூறுவாரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. பொருள் கொண்டு சேர்த்துக் கிடைக்கும் கூலியால் குடும்பம் நடத்துவோர் ஊகானிலும் இலண்டனிலும் பல்லாயிரவர். சென்னையிலும் அத்தகையோர் உளர். நோய் நீங்கியபின்னும் ஊர்தி நீங்காதிருந்தால் அவர் கூலிக்கு இழப்பு நேரும். ஆனால் நோயாளர் நிறைந்த வாயிலில் மனிதனை நிறுத்திவிட்டு, பொறியைக் கொட்டிலில் பூட்டி வைத்தலும் அறிவுடைமை ஆகாது. சுமப்பவன் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக ஊர்தியை விடுதல் ஒன்று. சுமப்பவன் உயிரைக் காப்பதற்காக விடுதல் மற்றொன்று. ஊர்தி இரண்டிலும் ஒன்றே; விடுபவர் நோக்கமே வேறு. ஒன்பதாம் மருத்துவமனைக்குச் சென்ற அந்த வண்டி பின்னதற்கு எடுத்துக்காட்டு. இரண்டும் கலந்து வரும் இடங்களே பலவாகையால், ஒவ்வோர் இடத்திலும் இதனைக் கேட்டுத் தெளிதல் வேண்டியிருக்கிறது.

ஓட்டுநரில்லா ஊர்தி என்னும் பெயரும் ஒருவாறு நம்மை மயக்குவது. ஓட்டுநர் இல்லை என்பது உண்மை; ஆள் இல்லை என்பது உண்மையன்று. சாலைகளின் படத்தைப் பதித்தவர் உளர். ஊர்தி எங்கேனும் வழி தெரியாமல் நின்றுவிட்டால், தொலைவிலிருந்து அதன் கண்வழியே பார்த்து வழி காட்டுபவர் உளர். மில்டன் கீன்சில் ஒரு தெருவைக் கடக்க ஒரு பெட்டி தயங்கி நின்றால், கடலுக்கப்பால் எசுத்தோனியாவில் அமர்ந்திருக்கும் ஒருவர் அதற்கு உதவுவார். பெட்டியைத் துடைத்துத் தூய்மை செய்பவரும், மின்கலத்திற்கு மின்னேற்றுபவரும் உளர்.

படிகளில் ஏறவும் அதற்கு இயலாது. சாலையோரத்து மேட்டை ஏறி இறங்கும் ஆறு உருளைகளுக்கு மாடிப்படி எட்டாத மலை. ஆதலால் மாடியில் தனித்து வாழும் முதியவர் பொருளைப் பெறத் தாமே இறங்கி வருதல் வேண்டும். அல்லது அண்டை வீட்டார் எவரேனும் எடுத்துச் சென்று அவர் கதவருகே வைத்தல் வேண்டும். ஊரடங்கின்போது அங்ஙனம் வைத்துச் சென்றோர் பல நாடுகளிலும் இருந்தனர். கதவைத் தட்டிவிட்டு நான்கு படி இறங்கி நிற்பர். முதியவர் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வதைக் கண்டபின் ஓரிரு சொல் பேசிச் செல்வர். பேசிய அந்தச் சொற்களைப் பெட்டி கொண்டுவருவதில்லை.

மில்டன் கீன்சு நகரில் 2020-ஆம் ஆண்டின் அவ்விளவேனில் மாலைகளில், பொருளை எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்தியதும் பெட்டி திரும்பும். ஆளற்ற செந்நிறப் பாதையில் கொடி அசைய மெல்ல ஊர்ந்து கடையை நோக்கிச் செல்லும். கடைவாயிலில், முகத்திரை அணிந்த பணியாளர் ஒருவர் அடுத்த வீட்டிற்குரிய பாலையும் ரொட்டியையும் கையில் ஏந்தி அதன் வரவை எதிர்நோக்கி நின்றிருப்பார்.